பூஜாங் பள்ளத்தாக்கு: மண்ணும் மக்களும்

மலேசியத் தமிழ் மாணவர் ஒருவரிடம் பூஜாங் பள்ளத்தாக்கைப் பற்றிக் கேட்டால், "இராஜேந்திர சோழன் வென்ற கடாரம்" என்னும் விடை பெரும்பாலும் உடனே வரும். விடை பிழையானது அன்று. எனினும் முழுமையானதும் அன்று. சோழர் கடற்படை அங்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அப்பள்ளத்தாக்கில் மக்கள் வாழ்ந்தனர். அப்படை திரும்பிய பின்னரும் வாழ்ந்தனர். இன்றும் வாழ்கின்றனர். ஓர் அரசனின் ஒரு படையெடுப்பை அறிந்த நாம், அம்மண்ணில் தலைமுறை தலைமுறையாக உழைத்த மக்களை எவ்வளவு அறிந்திருக்கிறோம்? இவ்வுரையில் நாம் ஆராய எடுத்துக்கொண்ட வினா இதுவே.

நிலமும் பெயரும்

தீபகற்ப மலேசியாவின் வடமேற்கில், கெடா மாநிலத்தில், வடக்கே ஜெராய் மலைக்கும் தெற்கே மூடா ஆற்றுக்கும் இடையில் அமைந்த நிலப்பரப்பே பூஜாங் பள்ளத்தாக்கு எனப்படுகிறது. இதன் பரப்பளவு ஏறக்குறைய 224 சதுரக் கிலோமீட்டர் என்பர். ஜெராய் மலை 1,217 மீட்டர் உயரமுடையது. சமவெளியிலிருந்து தனித்து எழுவதால் கடலில் நெடுந்தொலைவிலிருந்தே தெரிவது. மலையடிவாரத்து ஓடைகளும் பூஜாங் ஆறும் மெர்போக் ஆற்றில் கலக்கின்றன. மெர்போக் ஆறு அலையாத்திக் காடுகளின் ஊடே மலாக்கா நீரிணையை அடைகிறது. மெர்போக், செமிலிங், பீடோங் ஆகிய சிற்றூர்களும், அண்மையிலுள்ள சுங்கைப்பட்டாணி என்னும் பெருநகரும் இன்று இப்பகுதியின் முதன்மையான குடியிருப்புகள். ஒருபுறம் வயலும் செம்பனைத் தோட்டமும், மறுபுறம் தொழிற்பேட்டையும் வரிசை வீடுகளுமாக, நாட்டுப்புறமும் நகர்ப்புறமும் கலந்த வாழ்க்கை இங்கு நிலவுகிறது.

மொழி பயில்வோர்க்கு இப்பகுதியின் ஊர்ப்பெயர்களே முதல் வரலாற்று ஆவணம். 'பூஜாங்' என்பது பாம்பைக் குறிக்கும் 'புஜங்க' என்னும் வடசொல்லின் வழியே வந்ததென்பது பரவலாகக் கூறப்படும் விளக்கம். தமிழில் வழங்கும் 'புயங்கம்' என்பதும் அச்சொல்லே. 'புக்கிட் பத்து பஹாட்' என்றால் மலாய் மொழியில் உளியால் செதுக்கிய கல்லையுடைய குன்று என்று பொருள்படும். 'பெங்காலான் பூஜாங்' என்பதில் உள்ள 'பெங்காலான்' படகுத்துறையைக் குறிக்கும். இன்று அவ்வூரிலிருந்து கடல் தெரிவதில்லை. ஆயினும் ஒரு காலத்தில் அங்குப் படகுகள் அணைந்தன என்பதைப் பெயர் மறக்கவில்லை. 'சுங்கை பெத்தானி' என்பதில் 'பெத்தானி' உழவரைக் குறிக்கும் மலாய்ச் சொல். அதனைத் தமிழர் தம் நாவுக்கேற்பச் சுங்கைப்பட்டாணி ஆக்கிக்கொண்டனர். வடமொழி, மலாய், தமிழ் ஆகிய மூன்றின் தடமும் ஒரே பள்ளத்தாக்கின் பெயர்களில் பதிந்திருப்பது, இங்கு வந்து சேர்ந்த மக்களின் பன்மையைக் காட்டுகிறது.

காற்றுக்குக் காத்திருந்த துறை

மக்கள் இங்கு ஏன் கூடினர்? முதற் காரணம் காற்று. வங்கக் கடலைக் கடந்து வந்த பாய்க்கப்பல்கள் பருவக்காற்றை நம்பியே செலுத்தப்பட்டன. ஒரு பருவத்தில் வந்தோர், காற்றுத் திசைமாறும் வரையில் திங்கள் கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. தொலைவிலிருந்தே வழிகாட்டும் மலை, புயலுக்கு ஒதுங்கும் கழிமுகம், குடிநீர், காட்டுப்பொருள்கள் ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்த இடம் என்பதால் மெர்போக் கழிமுகம் கடலோடிகளை ஈர்த்தது.

இரண்டாம் காரணம் இரும்பு. சுங்கை பத்துப் பகுதியில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் 2007 முதல் மேற்கொண்ட அகழாய்வுகளில் இரும்புருக்கிய உலைகளின் எச்சங்கள், உலைக்குக் காற்றூதப் பயன்பட்ட களிமண் குழாய்கள், செங்கற் கட்டுமானங்கள், படகுத்துறை எனக் கருதப்படும் அமைப்புகள் ஆகியன பெருந்தொகையாக வெளிப்பட்டன. இவற்றுட் சில கிறிஸ்துவுக்கு முற்பட்டவை என்று அகழாய்வாளர் அறிவித்தனர். அக்காலக் கணிப்பை வேறு ஆய்வாளர் சிலர் ஏற்பதில்லை. காலம் எதுவாயினும், இங்கு வாழ்ந்தோர் வந்த கப்பல்களுக்குக் கடைவிரித்தவர்கள் மட்டுமல்லர், தாமே பொருள் ஆக்கிய தொழிலாளர் என்பது உறுதியாகிறது. மூடா ஆற்றங்கரையிலுள்ள சுங்கை மாஸ் என்னுமிடத்தில் கண்ணாடி மணிகளும் செய்யப்பட்டன. அவை அரிக்கமேட்டில் கிடைத்த மணிகளை ஒத்த வகையின.

இத்துறைமுக வாழ்வைப் பற்றிய சான்றுகள் பல மொழிகளில் உள்ளன. 1834ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லோ என்னும் ஆங்கிலேய அதிகாரி, மூடா ஆற்றுக்குத் தெற்கே, இன்றைய செபராங் பிறையில் ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். ஏறக்குறைய ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்லில், செம்மண் நாட்டைச் சேர்ந்த புத்தகுப்தன் என்னும் மாலுமித் தலைவனின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. அது இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் உள்ளது. ஏழாம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து இந்தியாவுக்குச் சென்ற பௌத்தத் துறவி இத்சிங், வழியில் கெடாவில் தங்கிப் பின்னர்க் கப்பலேறியதைக் குறித்துள்ளார். சங்க நூலாகிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்த பொருள்களுள் காழகத்திலிருந்து வந்தவற்றையும் சேர்த்துச் சொல்கிறது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் காழகத்தைக் கடாரம் என்றே கொண்டார்.

கடாரமும் சோழரும்

இனி நாம் நன்கறிந்த பகுதிக்கு வருவோம். 1025ஆம் ஆண்டளவில் முதலாம் இராஜேந்திர சோழனின் கடற்படை ஸ்ரீவிஜயப் பேரரசின் துறைகளைத் தாக்கிற்று. அவனது மெய்க்கீர்த்தி, கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைப் பிடித்ததையும் பல துறைநகரங்களை வென்றதையும் வரிசைப்படுத்துகிறது. அதனால் அவன் 'கடாரங்கொண்டான்' எனப் பெயர் பெற்றான்.

இப்போருக்கு முன்னர் நிகழ்ந்த ஒன்றையும் நாம் மறத்தலாகாது. இராஜேந்திரனின் தந்தை இராஜராஜன் காலத்தில், கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளியை எழுப்பினான். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாய் வழங்கப்பட்டதை ஆனைமங்கலச் செப்பேடு கூறுகிறது. இன்று அச்செப்பேட்டினை நெதர்லாந்திலுள்ள லெய்டன் நகரின் பெயரோடு இணைத்து லெய்டன் செப்பேடு என்றும் வழங்குகிறோம். ஆகவே கடாரத்துக்கும் தமிழகத்துக்கும் இருந்த உறவு போரில் தொடங்கவில்லை. வணிகத்திலும் வழிபாட்டிலும் தொடங்கிற்று.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்துதல் ஆசிரியர்தம் கடமை. படையெடுத்தல் வேறு, குடியேறி வாழ்தல் வேறு. சோழர் கெடாவில் நிலையான ஆட்சி அமைத்து மக்களைக் குடியேற்றினர் என்பதற்குப் போதிய சான்று இல்லை. பள்ளத்தாக்கில் கிடைத்த கோயில் எச்சங்களும் இதனையே உணர்த்துகின்றன. புக்கிட் பத்து பஹாட் குன்றின் அடியிலுள்ள சண்டி என்னும் கற்கோயிலைக் குவாரிச் வேல்ஸ் 1936-37இல் அகழ்ந்தார். அலஸ்டேர் லேம்ப் 1959-60இல் அதனை மீட்டமைத்தார். அதில் விமானமும் மண்டபமும் இருத்தலைக் காணும்போது தென்னாட்டுக் கோயில் அமைப்பு நினைவுக்கு வரும். ஆனால் மண்டபத்தில் எஞ்சியவை தூண்களைத் தாங்கிய கற்களே. தூண்களும் கூரையும் மழைமிகுந்த இந்நாட்டு வழக்கப்படி மரத்தால் ஆனவை என்று கருதுகின்றனர். தொலைநாட்டுக் கருத்தை ஏற்று, உள்ளூர்ப் பொருளைக் கொண்டு, உள்ளூர்க் கைகள் கட்டிய கோயில் அது. அதனைத் தமிழர் கோயில் என்று மட்டும் கூறினால் கட்டியவர்களை மறந்தவராவோம். தமிழ்நாட்டோடு தொடர்பே இல்லை என்று கூறினால் கல்லின் சான்றை மறுத்தவராவோம்.

துறை தூர்ந்தது, வயல் விரிந்தது

பதினான்காம் நூற்றாண்டுக்குப் பின் பள்ளத்தாக்கின் துறைகள் வணிகச் சிறப்பை இழந்தன. ஆறுகள் சுமந்து வந்த வண்டல் கழிமுகத்தைத் தூர்த்தது. கரை கடலை நோக்கி நகர்ந்தது. பெரிய கப்பல்கள் உள்ளே வர இயலாமற் போயிற்று. பதினைந்தாம் நூற்றாண்டில் எழுந்த மலாக்கா வணிகத்தைத் தன்பால் ஈர்த்துக்கொண்டது. இதற்குள் கெடா அரசர் இசுலாம் தழுவியிருந்தனர். கோயில்களும் விகாரங்களும் வழிபடுவோர் இன்றிக் காட்டுக்குள் மறைந்தன. துறைமுகத்துக்கு வந்து போன அயலார் வருகை நின்றது. மண்ணோடு பிணைந்த மலாய்க் குடிகள் நெல் விளைவித்தும் மீன் பிடித்தும் ஆற்றோரக் கம்பங்களில் வாழ்ந்தனர்.

அவ்வாழ்வும் ஒருமுறை சிதறுண்டது. 1821ஆம் ஆண்டில் சயாம் நாட்டுப் படை கெடாவைக் கைப்பற்றியது. சுல்தான் அகமது தாஜுடின் பினாங்கில் அடைக்கலம் புகுந்தார். மக்களுள் பெருந்தொகையினர் மூடா ஆற்றைக் கடந்து, ஆங்கிலேயர் வசமிருந்த செபராங் பிறைக்கு ஓடினர். சுல்தான் 1842இல் திரும்பிய பின்னரே குடிகள் மெல்ல மெல்ல மீண்டனர். பின்னர்ச் சீன முதலாளிகள் தெற்குக் கெடாவில் காடு திருத்தி மரவள்ளி பயிரிட்டனர். ஆகவே இன்றைய மலாய்க் கம்பங்களும் சீனர் கடைத்தெருக்களும்கூடப் பிரிவும் மீள்வும் கண்டவையே. இப்பள்ளத்தாக்கில் எந்த இனத்தின் வரலாறும் இடையறாத ஒரே ஓட்டமாக அமையவில்லை.

பால்மரம் அழைத்த மக்கள்

1909ஆம் ஆண்டு பாங்காக் உடன்படிக்கையால் கெடா சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டன் வசமாயிற்று. அப்போது உலகச் சந்தையில் ரப்பர் விலை உச்சத்தில் இருந்தது. ஜெராய் மலையின் தெற்கே மேட்டு நிலங்களில் தோட்டங்கள் தோன்றின. காடு வெட்டவும் கன்று நடவும் பால் வெட்டவும் ஆள் வேண்டியிருந்தது. செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களில் தமிழர் முன்னரே ஒப்பந்தக் கூலிகளாக உழைத்திருந்தனர். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தபின், கங்காணி முறையில் ஆள் சேர்ப்பது பெருகிற்று. கங்காணி தன் ஊருக்குச் சென்று, உற்றாரையும் அயலாரையும் அழைத்து வந்தார். அதனால் ஒரே வட்டாரத்து மக்கள் ஒரே தோட்டத்து லயங்களில் அடுத்தடுத்து வாழும் நிலை உண்டாயிற்று.

மக்கள்தொகைக் கணக்கு இம்மாற்றத்தை விளங்கக் காட்டும். 1911இல் கெடா மாநிலம் முழுவதிலும் இருந்த இந்தியர் ஏறக்குறைய 6,000 பேர். 1921இல் அத்தொகை 33,000 ஆயிற்று. 1931இல் 50,000ஐ எட்டிற்று. இருபது ஆண்டுகளில் எட்டு மடங்கு பெருக்கம். பிறப்பால் இத்தகைய பெருக்கம் நிகழாது. கப்பல்களே அதனை நிகழ்த்தின. அக்கப்பல்கள் புறப்பட்ட துறைகளுள் ஒன்று நாகப்பட்டினம் என்பதை இங்கே எண்ணிப் பார்த்தல் வேண்டும். கடாரத்து அரசன் விகாரம் எழுப்பிய அதே ஊரிலிருந்து, ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின், கடாரத்துக்குக் கூலியாட்கள் கப்பலேறினர். முன்னது செப்பேட்டில் இடம்பெற்றது; பின்னது கப்பற் பதிவேட்டில் ஓர் எண்ணாக நின்றது.

விடியுமுன் தப்பு ஒலிக்கும். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடப்படும். தண்டல் வேலை பிரிப்பார், கிராணி கணக்கெழுதுவார். தாய்மார் கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு வெளிக்காட்டுக்குச் செல்வர். ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு மாரியம்மன் கோயிலோ முனீசுவரர் கோயிலோ, ஒரு தமிழ்ப்பள்ளியோ, ஒரு கள்ளுக்கடையோ இருந்தது. கூலியின் ஒரு பங்கு கள்ளுக்கடையில் கரைந்தது.

இரண்டாம் உலகப்போர் இச்சமூகத்தை உலுக்கியது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் கெடா வழியே தெற்கு நோக்கி விரைந்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் இரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழருள் பல்லாயிரவர் திரும்பவில்லை. போருக்குப் பின் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படை என்னும் இயக்கம் எழுந்தது. கள்ளை ஒழித்தல், தூய்மை பேணுதல், தன்மானத்தோடு வாழ்தல் ஆகியன அதன் குறிக்கோள்கள். அதன் முன்னணித் தலைவர்களுள் ஒருவர் ஏ. எம். சாமி. 1947இன் தொடக்கத்தில் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் தொழிலாளர்க்கும் காவற்படைக்கும் மோதல் மூண்டது, பலர் சிறைப்பட்டனர். கடாரத்து வெற்றியைப் பாடநூலில் படிக்கும் நம் மாணவர், அதே மண்ணில் மானத்துக்காக நின்ற இத்தொழிலாளரின் பெயரைக் கேட்டதுண்டா?

தோட்டம் கலைந்த கதை

விடுதலைக்கு அண்மைக் காலத்திலும் அதன் பின்னரும் பெருந்தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுச் சிறு முதலாளிகளுக்கு விற்கப்பட்டன. வேலையும் வீடும் ஒருசேர இழக்கும் நிலை தொழிலாளர்க்கு நேர்ந்தது. அதனைத் தடுக்கும் முயற்சியாகத் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அச்சங்கம் முதன்முதலாக வாங்கியது கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டமே. பின்னர் ரப்பர் வீழ்ந்து செம்பனை எழுந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகவே வேண்டும். சுங்கைப்பட்டாணியில் தொழிற்பேட்டைகள் பெருகின. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை வந்தது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. கோல மூடா மாவட்டத்தின் மக்கள்தொகை 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஐந்து இலட்சத்தைத் தாண்டியிருந்தது.

லயத்தில் பிறந்தவரின் பேரப்பிள்ளைகள் இன்று தாமான் வீடுகளில் வாழ்கின்றனர். தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் பணியாற்றுகின்றனர். செமிலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் எழுந்துள்ளது. இது முன்னேற்றமே. அதே வேளையில், ஒரே தோட்டத்தில் ஒன்றாய் வாழ்ந்தோர் பல திசைகளில் பிரிந்துவிட்டமையால், அவர்தம் பொது நினைவைத் தாங்கும் இடம் இல்லாமற் போயிற்று.

இரு இழப்புகள்

2013ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு செய்தி நாட்டையே அதிரச் செய்தது. பள்ளத்தாக்கின் பதினோராம் எண் சண்டி, வீடமைப்புக்காக நிலத்தைச் சமன்செய்தபோது இடித்து அகற்றப்பட்டிருந்தது. அது தனியார் நிலத்தில் இருந்தது. மரபுச் சின்னமாகச் சட்டப்படி அறிவிக்கப்படவில்லை. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட செங்கல் சில நாளில் மண்ணாயிற்று. மக்கள் வெகுண்டனர், அரசு விளக்கம் தந்தது, எஞ்சிய இடங்களைக் காக்க வேண்டுமென்னும் விழிப்புணர்வு பெருகிற்று. அண்மையில், 2023இல், ஜெராய் மலையின் மறுபுறத்தில் யான் மாவட்டத்துப் புக்கிட் சோராஸ் என்னுமிடத்தில் அமர்ந்த நிலையிலான சுதைச் சிலை வெளிப்பட்டது. மண்ணுக்குள் இன்னும் சான்றுகள் உள்ளன என்னும் நம்பிக்கையை அது தந்தது.

சண்டி இடிந்தபோது எழுந்த குரல், லயங்கள் இடிந்தபோது எழவில்லை. சண்டிக்கு எண் இட்டிருந்தனர். அகழ்ந்தவரின் குறிப்பும் வரைபடமும் இருந்தன. ஆதலால் இழந்தது இன்னதென்று சொல்ல முடிந்தது. லயத்துக்கு அவ்வாறு எதுவும் இல்லை. அலுவலக ஏட்டில் தோட்டத்துக்கு ஓர் ஆங்கிலப் பெயர் இருக்கும். மக்கள் நாவில் ஆற்றையோ மரத்தையோ துரையையோ அடையாளமாகக் கொண்ட வேறொரு தமிழ்ப் பெயர் இருக்கும். அத்தமிழ்ப் பெயர்கள் எந்த வரைபடத்திலும் ஏறவில்லை. அவற்றைச் சொல்லும் வாய்கள் இன்று எழுபது, எண்பது வயதைக் கடந்தவை.

இதனால்தான் கடாரப் பெருமையை மட்டும் பேசுதல் போதாது என்கிறோம். "எம் மன்னன் வென்ற மண், ஆகவே இது எம் மண்" என்னும் வாதம் வலுவற்றது. வென்றவன் திரும்பிச் சென்றுவிட்டான். இங்கேயே தங்கி, காடு திருத்தி, மரம் நட்டு, இம்மண்ணிலேயே புதைக்கப்பட்டவர்களின் உழைப்பே நம் உரிமைக்கு உறுதியான சான்று. அச்சான்றோ நம் கண்முன்னே அழிந்துகொண்டிருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஒரு வகுப்பும் ஓர் ஆசிரியரும் போதும். முதலாவதாக, மாணவர் தத்தம் தாத்தா பாட்டியரிடம் தோட்டத்தின் தமிழ்ப் பெயரையும், அப்பெயர் வந்த காரணத்தையும் கேட்டு எழுதலாம். இரண்டாவதாக, பெரட்டு, தண்டல், வெளிக்காடு, ஆயாக் கொட்டகை போன்ற தோட்டத்துச் சொற்களைப் பொருளோடும் பேசியவர் ஊரோடும் தொகுக்கலாம். மூன்றாவதாக, பழைய கோயில் விழா அழைப்பிதழ், பள்ளிப் பதிவேடு, சம்பளச் சீட்டு, குடும்பப் படம் ஆகியவற்றைப் படியெடுத்து ஆண்டும் இடமும் குறித்து வைக்கலாம். நான்காவதாக, மெர்போக் அருங்காட்சியகத்துக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், திரும்பும் வழியில் எஞ்சியுள்ள ஒரு தோட்டத்தையும் மலாய்க் கம்பத்தையும் காட்டி, அங்குள்ள முதியோரோடு உரையாட வைக்கலாம். அவ்வாறு தொகுத்தவற்றைப் பள்ளி நூலகத்தில் வைத்தால், பின்வருவோர்க்கு அதுவே முதற்சான்றாகும்.

லோ கண்டெடுத்த கல்வெட்டில் அரசன் ஒருவனின் வெற்றி பொறிக்கப்படவில்லை. கடலைக் கடந்து வந்த ஒரு மாலுமி, தன் பெயரும் ஊரும் சொல்லி, பயணம் நலமாக அமைய வேண்டிக்கொண்டதே அதன் செய்தி. பதினைந்து நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அம்மனிதனை நாம் அறிவது, யாரோ ஒருவர் அவன் பெயரைப் பொறித்து வைத்ததனால்தான். பிற்காலத்தில் அதே கடலைக் கடந்து வந்த நம் முன்னோர்க்கும் அவ்வளவேனும் செய்தல் நம் கடன். அப்பணியை இவ்வாண்டே, பள்ளி விடுமுறைக்கு முன்பே, ஒரு முதியவரிடம் ஒரு கேள்வி கேட்டுத் தொடங்குமாறு ஆசிரியப் பெருமக்களையும் மாணவமணிகளையும் அன்புடன் வேண்டுகிறோம்.